என் அம்மாவுக்குக் கால் வலி இல்லை

இந்தியாவிலிருந்து வெளிநாடுகளுக்கு விமானம் விடும் நிறுவனங்களின் பயணிகள் சேவைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வருடம் தங்கையின் பிரசவத்துக்காக அம்மாவை அமெரிக்காவுக்கு அனுப்பினேன். டிக்கெட் எடுக்கும்போது ‘வீல்சேர் தேவை’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை உண்டு. ஆனால் மன்னார்குடியில் தினமும் காலையில் ஹரித்ரா நதி என்ற தெப்பக்குளத்தின் கரையை ஒரு சுற்று சுற்றி வந்துதான் காபி குடிப்பார். அது சின்னக் குளமில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். காலில் ஒரு குறையும் கிடையாது.

அப்புறம் ஏன் வீல்சேர்? சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேர் விமானம் இல்லை. நடுவில் எங்கேயாவது இறங்கி, மறுபடி சோதனைக்கு நின்று, கேட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். போய்ச் சேர்ந்தால் குடிவரவு அதிகாரியின் கேள்விகள். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். வீல்சேர் கேட்டால் தள்ளிக்கொண்டு போக ஓர் ஆள் வருவார். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஆள்தான். எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் இதைத்தான் செய்கிறார்கள்.

ஆள் வந்தார், போனார். நடுவில் இறங்கிய ஊரில் அம்மாவை ஒரு தூண் ஓரமாக, ஏழெட்டு நாற்காலிகளோடு வரிசையில் நிறுத்திவிட்டு, பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டரை மணி நேரம் கழித்து வந்தது வேறொருவர். கழிப்பறை கண்ணெதிரே இருந்திருக்கிறது. எழுந்து போயிருக்கலாமே என்று கேட்டேன். “நடக்கிறதைப் பாத்துட்டு வண்டியைப் புடுங்கிட்டா? பாஸ்போர்ட்டு வேற அவன்கிட்ட இருக்கு. பார்சல் மாதிரி உக்காந்திருந்தேன்” என்றார். நன்றாக நடப்பவரை முடியாதவராக நடிக்க வைத்தது நான்தான்.

அடுத்த விமானம் 14 மணி நேரத்துக்கு மேல். அதில் அம்மா தண்ணீரே குடிக்கவில்லை. காரணம், கழிப்பறைக் கதவு. நடுவில் மடங்கி உள்ளே போகும் அந்தக் கதவை எங்கே தள்ளுவது என்று முதலில் புரியவில்லை. எப்படியோ உள்ளே போனவர் தாழ்ப்பாளைத் திறக்கத் தெரியாமல் பயந்துபோய், அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போலத்தான் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பது மாதிரி. ஆனால் கொடைக்கானலின் ஈரம் இருக்காது. ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. அங்கே தண்ணீர் குடிக்காமல், காலைத் தொங்கப்போட்டபடி ஒரு சர்க்கரை நோயாளி. இறங்கும்போது செருப்பு காலில் நுழையவில்லை என்றாள் தங்கை. நடைபாதை ஓர இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தேன், அதையும் மாற்றிவிட்டார்கள். சரி, அதை விடுங்கள்.

2024 பிப்ரவரியில் மும்பை விமான நிலையத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நியூயார்க்கிலிருந்து வந்த 80 வயதுப் பெரியவரும் மனைவியும் முன்கூட்டியே ஆளுக்கொரு வீல்சேர் கேட்டிருந்தார்கள். கிடைத்தது ஒன்று. மனைவியை அதில் உட்காரவைத்துவிட்டு அவர் கூடவே நடந்தார். குடிவரவுப் பகுதியில் சரிந்து விழுந்தார், பிழைக்கவில்லை. அந்த நிறுவனத்துக்குச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. இது தெரிந்தும்தான் நான் அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன்.

தேவையில்லாதவர்களும் வீல்சேர் கேட்கிறார்கள் என்று நீங்கள் அலுத்துக்கொள்வது நியாயம்தான். அதற்காகக் கட்டணம், டாக்டர் சீட்டு என்று ஆரம்பித்தால் முதலில் அலையப்போவது நிஜமாகவே முட்டி தேய்ந்தவர்கள். நாற்காலியை அவர்களுக்கு விட்டுவிடுங்கள், எங்களுக்குத் துணையைத் தனியாகக் கொடுங்கள். தனியாகப் பறக்கும் குழந்தைகளுக்கு ஓர் ஆளைப் போட்டு, கைமாற்றி, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்கிறீர்களே, அதேதான். அதற்குக் காசு வாங்குவது போல இதற்கும் வாங்குங்கள், தருகிறோம். பயணியைச் சந்தித்து உதவுவதற்கென்று ‘எம்.ஏ.ஏ.எஸ்.’ என்ற குறியீடு உங்கள் முன்பதிவு முறையில் ஏற்கெனவே இருக்கிறது. நான் டிக்கெட் எடுத்த பக்கத்தில்தான் அது கண்ணில் படவில்லை.

தமிழ் தெரிந்தவர் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார். ஃபோனில் ஒரு தமிழ்க் குரல் இருந்தாலே போதும். வரிசையில் நிறுத்தி வைத்தால் மணிக்கு ஒரு தரமாவது கழிப்பறைக்குப் போகிறீர்களா என்று கேட்கட்டும். பாஸ்போர்ட் அவரவர் கையிலேயே இருக்கட்டும். வயதானவர்களை முதலில் ஏற்றுகிறீர்கள் அல்லவா, மற்றவர்கள் வருவதற்குள் அந்தக் கழிப்பறைக் கதவை ஒரு தரம் திறந்து மூடிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

பேரனின் முதல் பிறந்தநாளுக்கு அம்மா மறுபடி கிளம்புகிறார். இந்த முறையும் அதே கட்டத்தில்தான் டிக் போட்டிருக்கிறேன். பக்கத்தில் வேறொரு கட்டம் வந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மன்னார்குடி அம்மா ஒருவரின் மகன்