மணல் சலித்த அக்காவுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள பெற்றோர்களே, முன்னாள் மாணவர்களே, அக்கம்பக்கத்துத் தோட்டத்து மக்களே,

வணக்கம். நேற்று ஓய்வு நேரத்துக்கு விளையாட்டுத் திடலைத் திறந்துவிட்டோம். சிவப்பு நாடாவை அவிழ்த்ததுதான் தாமதம், ஊஞ்சலில் ஏறியவர்கள் மணி அடித்தும் இறங்கவில்லை. நானும் கொஞ்ச நேரம் கண்டும் காணாததுபோல நின்றேன். தலைமையாசிரியரும் அப்படித்தான் நின்றார். கேட்டால் இல்லை என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடித்த புயல்காற்று நம் பள்ளியை என்ன செய்தது என்பதை, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படங்கள் எல்லார் கைப்பேசியிலும் இருக்கின்றன. பருவக்காற்று மாறுகிற மாதங்களில் பிற்பகலில் இடிமழை கொட்டுவது நமக்குப் பழக்கம்தான். ஆனால் அப்படியொரு காற்றைப் பெரியவர்களே பார்த்ததில்லை என்கிறார்கள். பள்ளி நாளாக இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் இன்னமும் வயிற்றைக் கலக்குகிறது. அந்தப் பேச்சை இதோடு விடுகிறேன்.

முதலில், கூட்டமாக வந்து கைகொடுத்தவர்களுக்கு மொத்தமாகவே நன்றி சொல்லிவிடுகிறேன். சாய்ந்த அங்சானா மரத்தை அறுக்கத் தன் சொந்த ரம்பத்தையும் பெட்ரோலையும் கொண்டுவந்த கம்போங் பாக்சிக் (மலாய்க் கிராமத்துப் பெரியவர்), அறுத்த கட்டைகளைத் தோளில் சுமந்து சாலையோரம் அடுக்கிய அப்பாக்கள், கூப்பிடாமலே வந்து சேர்ந்துகொண்ட பங்களாதேஷ் தம்பிகள், ஊஞ்சல் சங்கிலியை ஒட்டவைத்துக் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்று கடைக்கு உள்ளே போய்விட்ட வெல்டிங் பட்டறை முதலாளி தவுக்கே, மீகூனும் சிராப் தண்ணீரும் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருந்த அம்மாக்கள், ஜொகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பணம் போட்டுவிட்டுப் பெயரைச் சொல்லாத முன்னாள் மாணவர்கள், எல்லாருக்கும் நன்றி. உதவி கேட்டு எழுதிய கடிதங்களில் ஒன்றிரண்டுக்கு இன்னும் பதில் வரவில்லை. வரும்போது வரட்டும், அவர்களுக்கும் அப்போது ஒரு நன்றி எழுதுகிறேன்.

டயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் தாண்டிக் குதிக்கிற அந்த வண்ண டயர்களுக்குள் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும், முட்டையிலிருந்து கொசுவாகிப் பறந்துவிடும். காய்ந்த டயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் முட்டை மாதக்கணக்கில் காத்திருந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினால் மட்டும் போதாது. இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவனின் அப்பா, ஆலையில் இரவு வேலை முடித்துக் கண் சிவந்து வந்தவர், ஒவ்வொரு டயரையும் பிரஷ் போட்டுத் தேய்த்து, அடியில் துளை போட்டு, பாதிவரை மண்ணில் புதைத்துவிட்டுத்தான் தூங்கப் போனார். அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

இனி அந்த அக்காவுக்கு வருகிறேன். பெயரை எழுதக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். எழுதவில்லை. யார் என்று உங்களுக்குத் தெரியாமல் போகாது.

மரத்தை அப்புறப்படுத்தி, பறந்து வந்த தகரங்களை அடுக்கி, திடலைக் கூட்டிப் பெருக்கி முடித்த அன்று எல்லாரும் வேலை தீர்ந்தது என்றுதான் மண்வெட்டியைக் கீழே வைத்தோம். ஊஞ்சலுக்கும் சறுக்குக்கும் கீழே இருக்கிற மணல் மேலுக்குப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கிழக்குக் கட்டடத்தின் நாக்கோ ஜன்னல் பட்டைக் கண்ணாடிகள் சிதறியது அந்த மணலில்தான். பெரிய துண்டுகளைப் பொறுக்கியிருந்தோம். அதன்பிறகு பெய்த மழை மிச்சத்தை உள்ளே இறக்கியிருந்தது.

அந்த அக்காவின் கடைசிப் பிள்ளை ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டது. நம் பள்ளிக்கு வர வேண்டிய கட்டாயம் எதுவும் அவருக்கு இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் அவர் வாய் திறந்து நான் பார்த்ததுமில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து, தேநீர் குடித்துவிட்டு, குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குவது அவர் வேலை. வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பழுத்த குலையை வெட்டித் தள்ளும்போது பழங்கள் சிதறும். எண்ணெய் கூடுதலாக இருப்பது அந்த உதிரியில்தான், ஒன்றையும் விடக் கூடாது என்று மண்டோர் (மேற்பார்வையாளர்) பின்னாலேயே வருவார். புல்லுக்குள்ளும் மட்டைக்கு அடியிலும் கிடக்கிறதைத் தேடித் தேடி மூட்டை கட்ட வேண்டும். காலையிலிருந்து மத்தியானம் வரை தரையைப் பார்த்தே பழகின கண் அது.

திடலைக் கடந்து போனவர் நின்றார். குனிந்தார். மணலில் விரலை விட்டுக் கிளறி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"டீச்சர், புள்ளைங்க சப்பாத்தக் கழட்டிப் போட்டுட்டுத்தானே இதுல ஏறும்?"

அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் வேலை முடிந்து நேராகப் பள்ளிக்கு வந்தார். மோட்டாரில் பின்னால் ஒரு பழைய கித்தான், கொத்தனார் மணல் சலிக்கிற சல்லடை, கோழிக்கம்பி வலை அடித்த ஒரு மரச்சட்டம். ஈர மணல் சல்லடையில் அடைத்துக்கொள்ளும், சலிக்க வராது. அதனால் ஒரு பக்கத்து மணலை அள்ளிக் கித்தானில் பரப்பி வெயிலில் காயப்போட்டார். மழை வருகிற மாதிரி இருந்தால் ஓடி வந்து மடித்து மூடினார். காய்ந்ததை முதலில் கோழிக்கம்பி வலையில், அப்புறம் சல்லடையில் போட்டார். ஒரு முழம் ஆழத்துக்குத் தோண்டி, அடியில் கெட்டிமண் தட்டுகிற வரை போனார்.

சலித்ததோடு விட்டிருந்தாலே பெரிய காரியம். இருட்டினபிறகு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மறுபடி வந்து உட்கார்ந்தார். அவர் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன காலத்தில் விடியற்காலை இருட்டில் கட்டிக்கொண்ட விளக்கு மாதிரிதான், இது இப்போதைய பேட்டரி விளக்கு. அதைக் கழற்றி மணலுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக வைத்தார். மேலிருந்து வெளிச்சம் அடித்தால் மணல் முழுக்க ஒரே வெள்ளை, எதுவும் தெரியாது. பக்கவாட்டில் வைத்தால் சல்லடைக்குத் தப்பிய கண்ணாடித் தூள் மட்டும் மின்னுகிறது. நான் பக்கத்தில் குந்திப் பார்த்தேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பங்களாதேஷ் தம்பி ஒருவர் சல்லடையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அக்காவுக்கு வங்காளம் தெரியாது, தம்பிக்குத் தமிழ் தெரியாது. "சுடா?" (முடிந்ததா?) என்பார் இவர், மலாயில். "பெலும்" (இன்னும் இல்லை) என்பார் அவர். வேலை நடந்தது. அப்புறம் நாலைந்து அம்மாக்கள் சேர்ந்தார்கள். என் கணவரும் வந்தார், முதுகு பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

கிடைத்ததையெல்லாம் ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்தார். டின் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. கண்ணாடிச் சில்லுகள், துருப்பிடித்த ஆணிகள், சோடா மூடிகள், இரண்டு கோலிக்குண்டுகள், யாரோ ஒரு மாணவர் தலைவரின் பழைய சட்டைச் சின்னம். ஆணிகளும் மூடிகளும் அந்தக் காற்றில் வந்தவை அல்ல. எத்தனை ஆண்டுகளாக அங்கே புதைந்து கிடந்தனவோ, அதன்மேல்தான் பிள்ளைகள் ஓடியிருக்கிறார்கள். ஒரு சின்னக் கம்மலும் கிடைத்தது. அக்கா அதைத் துடைத்துக் காகிதத்தில் மடித்து அலுவலகத்தில் கொடுத்தார். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று போன வருடம் தொலைத்துவிட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது அது. அந்தப் பிள்ளையின் அம்மா பள்ளிக்கு வந்து, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றதைப் பார்த்தேன்.

சங்கத்தில் பேசி அக்காவுக்கு ஒரு சிறு தொகை கொடுக்கலாம் என்று முடிவெடுத்தோம். வாங்கவில்லை. பலகைப் பாத்தியில் இருந்த மரவள்ளிக் கட்டையில் நாலு வெட்டித் தர முடியுமா என்று கேட்டார், வீட்டுக்குப் பின்னால் நட. வெட்டிக் கொடுத்தோம்.

பள்ளித் தோட்டம் பாதிதான் மீண்டிருக்கிறது. வெண்டையும் கத்தரியும் போயே போய்விட்டன. முருங்கையை ஒடித்துப் போட்ட காற்றே அதைக் கவாத்தும் செய்துவிட்டது, இப்போது எல்லாக் கணுவிலும் தளிர். கங்கோங் கீரைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்கு எப்போதும் ஒன்றும் ஆகாது. ஆலையிலிருந்து ஒரு லோரி காலிக்குலை (பழம் எடுத்த செம்பனைக் குலை) இலவசமாக வந்தது, பாத்திகளுக்கு மூடாக்குப் போட. இளைஞர்கள் அதைக் குவியலாகக் கொட்டப் போனபோது, ஓய்வுபெற்ற மண்டோர் தாத்தா ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சத்தம் போட்டார்: "ஒரு அடுக்குதான்! மேல மேல போட்டா காண்டாமிருக வண்டு வந்து குடியேறும்!" அவருக்கும் நன்றி. ஒரே அடுக்காகத்தான் பரப்பியிருக்கிறோம்.

அந்தத் தாத்தாதான் திடலின் கதையையும் சொன்னார். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைத்துத் தர வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நிறையத் தோட்டங்களில் ஒரு கொட்டகை போட்டு, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரை உட்கார வைத்ததோடு அந்தக் கடமை முடிந்தது. விளையாட இடம் வேண்டும் என்று சட்டத்தில் யார் எழுதுவார்? பால் எடுத்து ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்த ஆட்கள், லாலான் புல்லை வெட்டி இந்த இடத்தைத் திடலாக்கினார்கள் என்கிறார் தாத்தா, அவருடைய அப்பா உட்பட. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாகி ஆட்கள் டவுனுக்குப் போனார்கள், பள்ளி மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. இன்றைக்கும் ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது, நிலம் தோட்டத்துடையது. ஒரு சறுக்கு உடைந்தால் யாரிடம் கேட்பது என்பதற்கே நமக்கு ஒரு கூட்டம் போட வேண்டியிருக்கிறது.

இது மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட நாட்களில், அவர் தோட்டம் தோட்டமாகப் போய் ஆள் சேர்த்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கூலிக்காரர்கள் சேர்த்த காசில் தோட்டங்களையே வாங்கிய சங்கம் அது. அந்த அளவுக்கெல்லாம் நாம் எதுவும் செய்துவிடவில்லை. ஆனால் திடலில் அத்தனை பேரைப் பார்த்தபோது எனக்கு அந்த ஞாபகம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் ஊர்ப் பெருமை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாக்கும் கொடுக்கிறேன். இனி ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த மணல் கிளறப்படும். யார் வந்தாலும் வராவிட்டாலும் நான் வருவேன், என் கணவரின் முதுகு ஒத்துழைத்தால் அவரும் வருவார். தலைவிளக்கு ஒன்று வாங்கிவிட்டேன், பசார் மாலாம் இரவுச் சந்தையில், பேரம் பேசித்தான். அதை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று அக்கா காட்டியிருக்கிறார். அடுத்த ஆண்டு நான் மாற்றலாகிப் போனாலும், விளக்கும் சல்லடையும் பள்ளியின் பொருளாகப் பதிவேட்டில் இருக்கும்.

கடைசியாக ஒரு விஷயம். கோத்தோங் ரோயோங்குக்கு (ஊர் கூடிச் செய்த துப்புரவு வேலைக்கு) கொண்டுவந்ததில் இரண்டு மண்வெட்டி, ஒரு பாராங்கத்தி, மூடி இல்லாத பெரிய நீல டப்பா, இடது கால் ரப்பர் பூட்ஸ் ஒன்று ஆகியவை சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன. உரியவர்கள் பள்ளி நேரத்தில் வந்து எடுத்துக்கொள்ளலாம். மீகூன் வந்த பாத்திரங்களைக் கழுவி வைத்திருக்கிறோம். எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை, சண்டை போடாமல் பிரித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர்
(பள்ளித் தோட்டப் பொறுப்பாசிரியையும் நான்தான்)