திரை மாறியது, வெளிச்சம் மாறவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

நாட்டிய நிகழ்ச்சியில் நீ எடுத்த 14 படங்களையும் பார்த்தேன். “அளவுகளை நானே முடிவுசெய்யும் மேனுவலில் வைத்துத்தான் எடுத்தேன், ஆனாலும் சில படங்கள் வெளுத்தும் சில கறுத்தும் வந்திருக்கின்றன, கேமராவில் ஏதோ கோளாறு” என்று எழுதியிருக்கிறாய். கோளாறு உண்டு. ஆனால் அது கேமராவில் இல்லை.

ஒவ்வொரு படத்தின் விவரத்தையும் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துளை, எஃப் 2.8. ஷட்டர், அதாவது ஒளி உள்ளே வரும் நேரம், 1/250 நொடி. இரண்டையும் நீ அசைக்கவே இல்லை. ஆனால் வந்த ஒளியை எவ்வளவு கூட்டிக் காட்டுவது என்று சொல்லும் ஐஎஸ்ஓ? கறுப்புத் திரைக்கு முன் ஆடியபோது 6400. பின்னால் வெள்ளைத் திரை இறங்கியதும் 400. நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரட்டிப்பு), அதாவது 16 மடங்கு வித்தியாசம். ஐஎஸ்ஓ மட்டும் ஆட்டோவில் இருந்திருக்கிறது. இரண்டு கடிவாளத்தை நீ பிடித்துக்கொண்டு மூன்றாவதைக் குதிரையிடமே கொடுத்திருக்கிறாய்!

ஆடிய பெண்ணின் முகத்தில் விழுந்த விளக்கு இரண்டு நேரத்திலும் ஒன்றேதான். பிறகு ஏன் கேமரா அப்படித் தாவியது? ஒளியை அளக்கும் அதன் மீட்டருக்கு முகத்தில் எவ்வளவு ஒளி விழுகிறது என்று தெரியாது. லென்ஸுக்குள் எவ்வளவு திரும்பி வருகிறது என்றுதான் தெரியும். கூடவே ஒரு நம்பிக்கையும் உண்டு: எதிரே இருப்பது எதுவானாலும், சராசரியாக அது நடுச் சாம்பல் நிறம். தன்மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் என்று பாடநூல்கள் கணக்குச் சொல்லும். கறுப்புத் திரையைக் கண்டால் ‘ஐயோ, இருட்டு’ என்று பதறி எல்லாவற்றையும் வெளுப்பாக்கும். வெள்ளைத் திரையைக் கண்டால் ‘ஒளி மிஞ்சிவிட்டது’ என்று இருட்டாக்கும். பனிமலைப் படங்கள் அழுக்குச் சாம்பலாக வருவதும் கறுப்புப் பூனை நரைத்துப்போவதும் இதனால்தான். இப்போதைய கேமராக்கள் காட்சியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, முகம் தேடி, கொஞ்சம் புத்திசாலித்தனமாகவே ஊகிக்கின்றன. ஆனாலும் ஊகம் ஊகம்தான்.

ஐஎஸ்ஓவை 1600-இல் நிறுத்தியிருந்தால் இரண்டு திரைக்கும் முகம் ஒரே மாதிரி வந்திருக்கும். இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பாய். ஆடுபவர் மேடையின் முன்பக்கம் வரும்போது முகத்தை மட்டும் ஜூம் செய்து ஒரு படம் எடு. கேமராவின் பின்புறத் திரையில் வெளுத்த இடங்களை மினுக்கிக் காட்டும் வசதியை இயக்கிவை. நெற்றியும் கன்னமும் மினுக்கினால் ஐஎஸ்ஓவை இறக்கு. மினுக்குவது நின்ற இடத்தில் நிறுத்து. நகைகள் மினுக்கினால் விட்டுவிடு, அவை மின்னத்தானே வேண்டும். பிறகு விளக்கு மாறும்வரை எதையும் தொடாதே. மீட்டரின் முள் ஒரு பக்கம் சாய்ந்து உன்னை மிரட்டும், மிரட்டட்டும்.

மூன்று எண்களில் எதை முதலில் முடிவு செய்வது என்பது எதிரே நடப்பதைப் பொறுத்தது. ஆட்டத்துக்கு ஷட்டர்தான் முதலில். அசையாமல் உட்கார்ந்திருப்பவர் என்றால் அப்பர்ச்சர், அதாவது பின்னணி எவ்வளவு மங்கவேண்டும் என்பது. ஐஎஸ்ஓ எப்போதும் கடைசி. அதைக் கூட்டினால் புள்ளி புள்ளியாக வரும் என்று நடுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புள்ளி விழுந்த படத்தைத் தாங்கிக்கொள்ளலாம், அதற்குப் பயந்து ஷட்டரை மெதுவாக்கிக் கலங்கிப்போன முகத்தை என்ன செய்வது?

நிலாவை எடுத்துப் பார்த்திருக்கிறாயா? ஆட்டோவில் வெள்ளைப் பொட்டாகத்தான் வரும். உன் கறுப்புத் திரைக் கதையேதான் அது. இரவு வானம் திரை, நிலா முகம். வெயிலில் கிடக்கும் பாறை அது என்பதை மறக்காமல் எஃப் 11, 1/100, ஐஎஸ்ஓ 100 என்று வைத்தால் முழுநிலாவின் கறைகள் தெரியும். 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற ஊரருகே அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் நிலவெழும் காட்சியைக் கண்டு காரை நிறுத்தினார். மீட்டரைத் தேடினார், கிடைக்கவில்லை. கல்லறைச் சிலுவைகளின் மேல் விழுந்த கடைசி வெயில் போய்க்கொண்டிருந்தது. நிலவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் (ஒளியை அளக்கும் அலகு) என்பது அவருக்கு மனப்பாடம். அதிலிருந்து கணக்குப் போட்டு எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் வெயில் போய்விட்டது. அந்த ஒரே நெகட்டிவ்தான் இன்றும் பேசப்படுகிறது.

இதைப் படித்துவிட்டு எப்போதும் மேனுவலிலேயே திரியாதே. அதை வீரம் போலப் பேசுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் மரியாதை இல்லை. மேகம் ஓடும் நாளில், வெயிலுக்கும் நிழலுக்குமாக நடந்துகொண்டே எடுக்கும்போது, அப்பர்ச்சரை மட்டும் நீ வைத்துக்கொண்டு மற்றதைக் கேமராவிடம் விடு. நான் ஒருமுறை இரவில் வைத்த ஐஎஸ்ஓ 3200-ஐ மறந்து, மறுநாள் காலை திறந்தவெளியில் 40 படம் எடுத்தேன். அத்தனையும் சுண்ணாம்பு. மேனுவலில் நீ தவறினால் கேமரா கைகொடுக்க ஓடிவராது.

கடைசியாக ஒன்று. அந்த 14 படங்களையும் கோபத்தில் அழித்துவிடாதே. நல்லவேளையாக, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுத்திருக்கிறாய். வெள்ளைத் திரைக்கு முன் இருண்டுபோன ஐந்தில் முகத்தை ஏற்றிப் பார்த்தேன், நன்றாகவே எழுந்து வருகிறது. கறுப்புத் திரைப் படங்களில் வெளுத்த நெற்றிக்குள் எதுவும் பதிவாகவே இல்லை, அங்கே தேடிப் பயனில்லை. அந்த ஐந்தையும் திருத்தி இன்று இரவுக்குள் அனுப்புகிறேன், அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடு.

அன்புடன்,
அக்கா