பத்தாவது ஆள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் (யூதர்களின் வழிபாட்டு இடம்) பற்றிய தங்கள் கட்டுரை, அங்குள்ள சீனத் தரை ஓடுகளை அழகாக விவரித்தது. ஆனால், யூதர்கள் அருகிப்போனதால் அங்கே எது நின்றுபோகிறது என்பதைச் சொல்லவில்லை. பெற்றோரை இழந்தவர் 11 மாதம் சொல்லும் ‘கதீஷ்’ ஜெபத்தைத் தனியாகச் சொல்ல இயலாது. வயது வந்த யூதர்கள் 10 பேர் கூட வேண்டும் (பழைய மரபில் ஆண்கள் மட்டும்). பெரும்பாலும் அரமேய மொழியிலான அதில் மரணம் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. பெரும்பாலும் இறைவனைப் புகழும் வரிகள். சுற்றி நிற்பவர்கள் ‘ஆமென்’ சொல்லியாக வேண்டும்.

நான் நியூயார்க்கில் பணிபுரிந்தபோது அண்டை வீட்டு யூதர் தந்தையை இழந்தார். ஏழு நாள் துக்கத்தில் ஒரு மாலை ஒன்பது பேரே வந்திருந்தனர். நானும் கூடத்தில்தான் இருந்தேன். ஆனால் கணக்கில் வரமாட்டேன். அவர் தெருவில் இறங்கி, கையில் மளிகைப் பையோடு போன யூதர் ஒருவரை அழைத்துவந்த பிறகே ஜெபம் தொடங்கியது. கொச்சியிலும் ஆள் தேவைப்படும் நாள் எது என்பதை அங்குள்ள விடுதிகளில் முன்கூட்டியே அறிவித்தால், யூதப் பயணிகள் எண்ணிக்கையை நிரப்பக்கூடும். கேரளச் சுற்றுலாத் துறை இதற்கு உதவலாம்.

– வாசகர், திருநெல்வேலி