சாம்பலைப் பற்றி நீ கேட்டது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. பதில் போடாததற்குப் பாதிக் காரணம் சோம்பல். மீதிப் பாதி, கடைசியில் நீ போகிறபோக்கில் கேட்டிருந்த கேள்வி: “நம்ம சாம்பலைப் பத்திச் சொல்றதெல்லாம் உண்மையா?”

எதை என்று சொல்லியிருக்கலாம். தடைதாண்டும் போட்டிக் குதிரைகளுக்காக நாம் வளர்த்த அந்தப் பொலிகுதிரையைப் பற்றி என் காதுக்கு மட்டும் இதுவரை ஐந்து கதைகள் வந்திருக்கின்றன. அதன் விந்து உறைய வைத்தால் தேறாது என்பது ஒன்று. கணக்கில் காட்டாமல் நூறு குட்டிக்கு மேல் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொன்னார். தேறாத விந்தில் நூறு குட்டி எப்படி என்று கேட்டேன். “அதாங்க மர்மமே” என்றார்.

முதலில் குதிரையைப் பற்றி. நன்றாக இருக்கிறது. வயது பதினெட்டு. நீ பார்த்தபோது விலாவில் இருந்த வட்டவட்டப் புள்ளிகள் எல்லாம் மறைந்து இப்போது முழு வெள்ளை. பெயர்தான் இன்னும் சாம்பல். லாயக் கதவின் தாழ்ப்பாளை உதட்டால் நெம்பிப் பார்க்கும் புத்தி மட்டும் போகவில்லை. போன வாரம்கூடத் திறந்துகொண்டு வெளியே வந்து, எங்கும் ஓடாமல், தீவனக் கிடங்கின் வாசலில் வந்து நின்றது.

சரி, அதை வளர்த்தவருக்கும் வாங்கியவருக்கும் நடக்கும் சண்டைக்கு வருகிறேன். குதிரையை வளர்த்தவர் அதை இப்போதைய உரிமையாளருக்கு விற்றபோது, எண்பது உறைவிந்துக் குச்சிகளைத் தனக்கென்று நிறுத்திக்கொண்டார். ஒப்பந்தத்தில் அது ஒரே ஒரு வரி. அன்றைக்கு அதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை. குச்சி என்பது விந்தை அடைத்து உறையவைக்கும் மெல்லிய குழாய், ஒன்றில் இருப்பது அரை மில்லி. பெட்டைக்கு ஒரு தடவை ஊசி போட எட்டுக் குச்சி. ஆக எண்பது குச்சி என்றால் பத்து முயற்சி. காலம் நன்றாக இருந்தால் ஐந்தாறு குட்டி. வளர்த்த மனிதருக்கு ஒரு ஞாபகமாக இருக்கட்டும் என்று வாங்கியவரும் தாராளமாகக் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் இக்சி என்ற கருத்தரிப்பு முறை எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. நீ இந்தத் தொழிலை விட்டுப் போன பிறகு வந்த மாற்றம் என்பதால் சொல்கிறேன். பெட்டையின் சூலகத்திலிருந்து முட்டைகளை உறிஞ்சி எடுத்து, ஆய்வகத்தில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்துகிறார்கள். முட்டைக்கு ஓர் அணு போதும் என்னும்போது முழுக் குச்சி எதற்கு? உறைந்த நிலையிலேயே ஒரு துண்டு நறுக்கிக்கொண்டு மிச்சத்தைத் திரும்பத் திரவ நைட்ரஜனுக்குள் போட்டுவிடுகிறார்கள். பத்து முயற்சிக்கு என்று கொடுத்த எண்பது குச்சி, இப்போது எத்தனை நூறு முயற்சி என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

வாங்கியவருக்கு வயிறு எரிகிறது. “நான் கொடுத்தது பத்துக் குட்டிக்கான அனுமதி” என்கிறார். வளர்த்தவரோ, “எண்ணிக் கொடுத்தது குச்சியை, குட்டியை யார் எண்ணினார்கள்?” என்கிறார். எழுத்தைப் பார்த்தால் வளர்த்தவர் சொல்வதுதான் சரி. மனசாட்சியைக் கேட்டால் எனக்கு வாங்கியவர் பக்கம் சாயத் தோன்றுகிறது. ஆனால் அவரே, எப்போதோ செத்துப்போன வேறொரு பொலிகுதிரையின் பழைய குச்சிகளை வாங்கி, இதே மாதிரி நறுக்கித்தான் தன் பெட்டைகளுக்குப் பயன்படுத்துகிறாராம். இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதே. இப்போது பல பொலிகுதிரை உரிமையாளர்கள் விவரமாகிவிட்டார்கள். குச்சிக்கு விலை சொல்வதில்லை. உருவாகும் கருவுக்கு இவ்வளவு, சினை நின்றால் இவ்வளவு என்று எழுதி வாங்கிவிடுகிறார்கள். நம்மவர்கள் ஒப்பந்தம் போட்ட காலத்தில் அந்த யோசனை யாருக்கும் வரவில்லை.

சண்டை முற்றியதும் மூன்றாவது கதை முளைத்தது. வளர்த்தவர் அனுப்பும் குச்சிகளில் இருப்பது சாம்பலின் விந்தே இல்லையாம். ஆதாரம்? பிறந்த குட்டி பழுப்பு நிறம். “சாம்பல் குதிரைக்குப் பழுப்புக் குட்டியா?” என்று கிளம்பிவிட்டார்கள். இத்தனை வருஷம் குதிரைகளோடு புரண்டவர்கள் பேசும் பேச்சா இது? சாம்பலாகப் போகிற குட்டியும் பிறக்கும்போது பழுப்பாகவோ கறுப்பாகவோ செம்பட்டையாகவோதான் பிறக்கும். முதல் வெள்ளை மயிர் பெரும்பாலும் கண்ணைச் சுற்றித்தான் தெரியும். நம்ம சாம்பலுக்கு அப்படி வெளுக்கவைக்கும் மரபணு ஒற்றைப் பிரதிதான், அதன் தாய் சாம்பல் இல்லை. ஆகவே அதன் குட்டிகளில் சுமார் பாதிக்கு ஆயுசுக்கும் நிறம் மாறாது.

ஆனாலும் வாய் அடங்கவில்லை. மரபணுச் சோதனைக்கு மயிர் எடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். கத்தரித்து எடுத்தால் பயனில்லை, தெரியுமா? விரலில் நாலைந்து மயிராகச் சுற்றி வெடுக்கென்று பிடுங்க வேண்டும். வேரோடு வரவேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் முனையில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைக் குமிழ் தெரியும். அது இல்லாத மயிர் குப்பை. குட்டியின் பிடரி பஞ்சு மாதிரி இருந்ததால் வாலில் பிடுங்கினேன். தாய் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு என் தோளுக்கு மேலேயே நின்றது. முப்பது மயிர் சேர்ப்பதற்குள் முதுகு வேர்த்துவிட்டது. முடிவு வந்தது: அப்பன் சாம்பல்தான். அதை யாரும் யாருக்கும் போன் போட்டுச் சொல்லவில்லை.

நாலாவது கதை, சாம்பலுக்கு அந்த ‘தோல் கிழியும் நோய்’ மரபணு இருக்கிறது என்பது. இதை மட்டும் நான் சிரித்து ஒதுக்கவில்லை. சுமக்கும் குதிரைக்கு ஒன்றும் ஆகாது. சுமக்கும் இரண்டைச் சேர்த்தால் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, குட்டி தொட்டால் கிழியும் தோலோடும் பிடிமானமில்லாத மூட்டுகளோடும் பிறக்கும். பிழைக்காது. வார்ம்பிளட் எனப்படும் போட்டிக் குதிரை இனங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இதைச் சுமக்கிறது. சோதனை 2013-லேயே வந்துவிட்டது. ஆனால் பொலிகுதிரை வைத்திருப்பவர்கள் பலர் வாயே திறக்கவில்லை. 2018-இல் விஷயம் வெளியே வந்து ஆளாளுக்குக் கேள்வி கேட்ட பிறகுதான் வம்சாவளிப் பதிவேடுகள் பல முடிவைப் பகிரங்கமாக வெளியிடச் சொல்லின. ஊர்வாய் ஒரு நல்ல காரியம் செய்தது என்றால் இதைத்தான் சொல்வேன். சாம்பலின் தாளை நானே பார்த்தேன். அதனிடம் இல்லை.

ஐந்தாவது, யாரோ அதன் தோலில் துளி எடுத்து நகல் குதிரை (குளோன்) செய்ய ரகசியமாக வைத்திருக்கிறார்களாம். நடக்காத விஷயம் ஒன்றும் இல்லை. ஜெம் ட்விஸ்ட் என்ற புகழ்பெற்ற தடைதாண்டும் குதிரை காயடிக்கப்பட்டது. வாரிசுக்கு வழியே இல்லை. அதன் நகல் 2008-இல் பிறந்து பொலிக்கு நின்றது. சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் முதலில் நகல்களைப் போட்டிக்கு விடமாட்டோம் என்றது, 2012-இல் விடலாம் என்று மாற்றிக்கொண்டது. ஆனால் சாம்பலுக்கு எதற்கு நகல்? எண்பது குச்சிக்கே இந்தக் கூத்து.

பலூபே து ருவே என்ற அந்தத் தடைதாண்டும் குதிரை ஞாபகம் இருக்கிறதா? நீ அதன் படத்தைச் சேணம் வைக்கும் அறையில் ஒட்டியிருந்தாய். 1998, 99, 2000 என்று மூன்று வருஷம் தொடர்ந்து உலகக் கோப்பை. அதே 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கின் இறுதிச் சுற்றில், உலகமே பார்க்க, மூன்று முறை தாண்ட மறுத்து நின்று வெளியேற்றப்பட்டது. அன்றைக்கு ஆளாளுக்கு வைத்தியரானார்கள். 2004-இல் ஏதென்ஸில் வெள்ளி. பிறகு, முதலில் வந்த வாட்டர்ஃபோர்ட் கிரிஸ்டல் என்ற குதிரையின் மாதிரியில் தடைசெய்யப்பட்ட மருந்து தெரிந்தது. இரண்டாவது சோதனைக்கு அனுப்பிய சிறுநீர் வழியிலேயே திருட்டுப் போனது, இன்றைக்கும் நினைத்தால் சினிமா மாதிரி இருக்கிறது. இரத்த மாதிரி உறுதி செய்ய, 2005-இல் தங்கம் பலூபேக்கு வந்தது. கிரிஸ்டலில் சவாரி செய்தவர் வேண்டுமென்றே செய்யவில்லை என்பதையும் விசாரணை ஏற்றுக்கொண்டது. ஆனால் பேசுகிறவர்கள் அந்தப் பாதியை எப்போதும் விட்டுவிடுவார்கள். சிட்னியில் மறுத்து நின்ற அதே குதிரையின் மகள் வயிற்றுப் பேரன்தான் டோக்கியோவில் தங்கம் வாங்கிய எக்ஸ்ப்ளோஷன். அதன் தகப்பன் சாக்கோ ப்ளூ 2012-லேயே போய்ச் சேர்ந்துவிட்டது, மகன் ஜெயித்தது 2021-இல்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், நான் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷமாகச் சொல்லாதது.

சாம்பலை விற்பதற்கு முன் எக்ஸ்ரே எடுத்தார்களே, அன்றைக்கு நீ லீவு. ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து நின்றவன் நான். பின்னங்கால் மூட்டுப் படத்தைப் பார்த்த டாக்டர் புருவத்தைச் சுருக்கி, “இங்க ஒரு துணுக்கு இருக்கு” என்றார். பட்டாணி அளவுகூட இல்லை. குட்டியாக இருக்கும்போது குருத்தெலும்பு சரியாக எலும்பாகாமல் விட்டுப்போகும் துணுக்கு. இந்த வகைக் குதிரைகளில் சாதாரணம். வாங்குபவருக்கும் படத்தைக் காட்டினார்கள், அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் நான் லாடம் அடிப்பவரிடம் சொன்னேன். அவ்வளவுதான். அவரிடம் மட்டும்தான்.

வாந்தி கறுப்பாக இருந்ததைக் காக்கா காக்காவாக வாந்தி எடுத்தான் என்றார்களே, அந்தக் கதைதான். ஒரு மாதத்தில் ‘மூட்டு போச்சு’, இரண்டு மாதத்தில் ‘ஆபரேஷன் செய்து மறைத்து விற்றுவிட்டார்கள்’. கூத்து என்னவென்றால், நீயே அதை வேறு யாரிடமோ கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னாய். நான் புதிதாகக் கேட்பது போல “அப்படியா?” என்றேன்.

அந்தப் பருவத்தில் முன்பதிவு செய்திருந்த நல்ல பெட்டைகள் பாதிக்கு மேல் வரவில்லை. அதன் பிறகும் நாலைந்து வருஷம் வந்தவை சுமாரானவை. வேறெங்கும் காசு கொடுக்க முடியாதவர்கள் கொண்டுவந்தவை. பதினோரு மாதம் வயிற்றில். மூன்று வயதில் முதுகில் சேணம். அப்புறம் சின்னச் சின்னப் போட்டிகள். ஒரு குதிரை ஒன்று அறுபது மீட்டர் உயரம் தாண்டுமா என்று தெரிய எட்டு ஒன்பது வயதாவது ஆக வேண்டும். ஆனால் அதற்கெல்லாம் யார் காத்திருந்தார்கள்? நாலு வயதிலேயே, “பார்த்தீங்களா, குட்டிகள் சுமார்தான். அப்பவே சொன்னோமே” என்றார்கள். குட்டியில் பாதி தாய் என்பது அவர்களுக்குத் தெரியாதா? நல்ல தாய்களை அந்தப் பேச்சுதான் திருப்பி அனுப்பியது. பிறகு அதே பேச்சு, பிறந்த குட்டிகளைச் சாட்சிக்குக் கூப்பிட்டது. பொய் தனக்கான ஆதாரத்தைத் தானே பெற்றெடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

முதல் பருவத்தில் துணிந்து வந்த பெட்டைகளில் ஒன்றின் மகள் இப்போது ஒன்று ஐம்பது மீட்டர் உயரத்தில் சர்வ சாதாரணமாகப் போகிறது. தடைக்கு முந்தின எட்டில் காதை நிமிர்த்தி, மூக்கை நீட்டி, தாழ்ப்பாளை நெம்பும் அதே உதட்டோடு தடையைப் பார்க்கும். பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். பின்னங்கால்களை உதறி மேலே இழுத்துக்கொள்வது அப்படியே அப்பன்தான். அந்த மூட்டு, எல்லாரும் போச்சு என்ற மூட்டு, சாம்பலை இன்றுவரை ஒரு நாளும் நொண்ட வைத்ததில்லை.

என் மனைவி, “இப்போ சொல்லி என்ன ஆகப்போகுது?” என்கிறாள். இருக்கலாம். லாடம் அடித்தவரும் இப்போது இல்லை.

சண்டையில் குதிரையின் மதிப்பைப் போட வேண்டும் என்று இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு, நாளைக் காலையில் வெளி டாக்டர் ஒருவர் வருகிறார். நாலு காலுக்கும் புதிதாக எக்ஸ்ரே. சாம்பலுக்கு வேறு யார் பிடித்தாலும் பிடிக்காது என்பதால் கயிறு மறுபடி என் கையில்தான். லாயத்து ஆட்கள் இன்று மாலையே என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். படத்தில் என்ன தெரிந்தாலும், நண்பா, உனக்குக்கூட எழுதமாட்டேன்.

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எழுது.

இப்படிக்கு,
உன் பழைய லாயக் கூட்டாளி