கலாவுக்கு, குன்னூரிலிருந்து

குன்னூர்,
மார்கழி, செவ்வாய் இரவு

அன்புள்ள கலா,

கல்யாணப் பத்திரிகை வந்துச்சுடி. நாலு மூலையிலயும் மஞ்சள், கவர்ல உங்கப்பா கையெழுத்து. பார்த்ததும் மனசு நிறைஞ்சு போச்சு. நான் முதல் நாளே மதுரைக்கு வந்துருவேன், இவர் முகூர்த்தத்துக்கு வந்து சேருவாரு. அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. பாப்பா பல் விழுந்து சிரிச்சுக்கிட்டுத் திரியிறா. மண்டபத்துல நமக்குன்னு ஒரு ரூம் இப்பவே சொல்லி வைக்கச் சொன்னா அமுதா, மறந்துடாதே. நலம் விசாரிப்பு இவ்வளவு போதும்.

உங்க ஹனிமூனுக்குன்னு நீ வாட்ஸ்அப்ல அனுப்பின அந்த டிராவல்ஸ் தாளைப் பார்த்ததுல இருந்து எனக்கு இருப்புக் கொள்ளலை. போன்ல பேசலாம்னா உன்னைச் சுத்தி எப்பவும் சித்தி, அத்தைன்னு நாலு பேர் இருக்காங்க. அதான் கடிதம். ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் கதவைச் சாத்திக்கிட்டுப் படி.

மூணு ராத்திரி, நாலு பகல். அதுக்குள்ள ஊட்டி, கொடைக்கானல் ரெண்டும்! முதல் நாள் காலையில ஊட்டியில இறங்கின கையோட தாவரவியல் பூங்கா, ரோஜாத் தோட்டம், படகு இல்லம், தொட்டபெட்டா. மறுநாள் பைக்காரா, மத்தியானத்துக்கு மேல குன்னூர் ‘அரை நாள்’. மூணாம் நாள் விடிஞ்சதும் கொடைக்கானலுக்குக் கிளம்பணும். யார்டி இதை எழுதினது? ஊட்டியில இருந்து மலையிறங்கி, கோயம்புத்தூர் தாண்டி, பழனி போயி, மறுபடி மலையேறணும். ஏறக்குறைய 250 கிலோமீட்டர். ஒரு முழுப் பகல் வண்டியிலேயே போயிரும். அதுவும் யாரை வெச்சுக்கிட்டு? ரெண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டுறதுக்குள்ள கவர் தேடுற உன்னை வெச்சுக்கிட்டு! ஏற்காடு டூர்ல வார்டனம்மா சேலைக்கு ஆன கதியை நான் இன்னும் மறக்கலை. மாப்பிள்ளையோட புதுச் சட்டையாவது தப்பிக்கட்டும்.

கொடைக்கானலை நான் குறை சொல்லலை. பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் ஆற அமரப் பார்க்க வேண்டிய இடம். அதுக்குத் தனியா ஒரு தடவை போங்க, இந்தத் தடவை வேண்டாம். நாலு நாளும் ஒரே மலையில இருங்க, ஒரே ரூம்ல இருங்க. ஊட்டியிலகூட வேண்டாம், குன்னூருக்கு வாங்க. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், நாங்க 1,850. குளிர் கொஞ்சம் கம்மி, கூட்டமும் கம்மி. நான் இங்க இருக்கேன்னு சொல்லலை, நம்பு. நீயா கூப்பிட்டாலொழிய உங்க ரூம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன்.

வேன் வேண்டாம், மலை ரயில்ல வாங்க. முதல் நாள் ராத்திரியே மேட்டுப்பாளையம் வந்து தங்கிருங்க. காலையில 7.10க்கு வண்டி. கல்லாறு வரைக்கும் பாக்குத் தோப்புக்குள்ள சும்மா போகும். அதுக்கப்புறம் தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வெச்ச இரும்புப் பட்டை வரும். எஞ்சினுக்கு அடியில இருக்கிற பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடிச்சு ஏறும். ஏறும்போது எஞ்சின் பின்னால இருந்து பெட்டிகளைத் தள்ளிட்டு வரும், அதனால முதல் பெட்டிக்கு முன்னாடி மறைக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஒரு பிரேக்மேன் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் கையில வெச்சுக்கிட்டு முன்னால நிப்பாரு, அவ்வளவுதான். பாறையும் பாலமும் நேரா உன்னைப் பார்த்து வரும். குகைக்குள்ள நுழையும்போது பெட்டி மொத்தமும் ஓன்னு கத்தும், நீயும் கத்து. ஊட்டி வரைக்கும் 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை. வளைவு எண்ணிக்கையைக் கேட்டுப் பயந்துடாதே. வண்டி அவ்வளவு மெதுவா ஏறும், எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் இதுல தலை சுத்தினதில்லை. 1899ல குன்னூர் வரைக்கும் ரயில் வந்துச்சு, 1908ல ஊட்டிக்குப் போச்சு. 2005ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. பத்தரை மணி வாக்குல குன்னூர் ஸ்டேஷன். அங்க நீராவி எஞ்சினைக் கழட்டிட்டு டீசல் எஞ்சின் மாட்டுவாங்க. நீங்க இறங்கிருங்க.

இன்னொரு லாபமும் இருக்கு. சொந்த வண்டியில, வேன்ல மலையேறினா இ-பாஸ் எடுக்கணும். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7ல இருந்து நடக்குது. ரயில்ல, அரசு பஸ்ல வந்தா அந்த வேலையே இல்ல. பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் மட்டும் கொண்டு வராதீங்க, ஒரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கோ.

நீங்க வர்ற மாசம் நல்ல மாசம். ஐப்பசி, கார்த்திகையில மண் சரிஞ்சு ரயிலை அடிக்கடி நிறுத்திருவாங்க, மே மாசம் மலர்க் கண்காட்சிக் கூட்டத்துல ஊட்டியில கால் வைக்க முடியாது. தை முடிஞ்சு மாசி பிறக்கிற நேரத்துல மழை ஓஞ்சிருக்கும், வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும். பொங்கல் லீவுக் கூட்டமும் வடிஞ்சிருக்கும். விடியக்காலையில ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவுல புல்லு மேல உறைபனி வெள்ளையா படிஞ்சு கிடக்கும், வெயில் பட்டா கரைஞ்சிரும்.

இவர் டீ ஃபேக்டரியில இந்த மாசங்கள்ல வர்ற கொழுந்துக்கே தனி மரியாதை. குளிர்ல துளிர் மெதுவா வளரும், அதனால மணம் கூடி நிக்கும். ‘ஃபிராஸ்ட் டீ’ன்னு தனியா விப்பாங்க. அதைப் பால் ஊத்தாமக் குடிக்கணும். பால் இல்லாட்டி அது டீயே இல்லைன்னு நீ சண்டைக்கு வருவே, தெரியும். ஒரு வாய் குடிச்சுப் பார்த்துட்டுச் சண்டை போடு. கொழுந்து வாட்டுற மாடியில போய் நின்னீங்கன்னா பச்சை ஆப்பிளை நறுக்கின வாசம் வரும். ராத்திரி இவர் சட்டையிலயும் அதே வாசம்தான்.

சரி, இப்ப நிஜமா சொல்ல வந்ததுக்கு வர்றேன்.

உனக்கு எங்கடி போகணும்னு நான் கேட்டதுக்கு, “அவங்க எங்க கூட்டிட்டுப் போனாலும் சரிதான்டி”ன்னு சொன்னே. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. ஹாஸ்டல்ல ஞாயித்துக்கிழமை எந்தப் படம், எந்தக் கடையில பரோட்டா, எந்தப் பஸ்னு எல்லாத்தையும் முடிவு பண்ணினது நீ. நாங்க பின்னாலயே வந்தோம். அந்தக் கலா எங்க போனா? நிச்சயம் ஆனதுல இருந்து மண்டபம், சேலை, சமையல் எல்லாத்தையும் மத்தவங்கதான் முடிவு பண்றாங்க. அது நம்ம வீடுகள்ல அப்படித்தான், நானும் அனுபவிச்சிருக்கேன். ஆனா இந்த நாலு நாள் உங்க ரெண்டு பேருக்கு மட்டும் சொந்தம். அதையும் ஒரு டிராவல்ஸ் ஆள் கையில குடுத்துட்டா எப்படி?

அவர் நல்லவர்னு நீ சொன்னே, நம்பறேன். ஆனா அவருக்கு உன்னைப் பத்தி என்ன தெரியும்? பொண்ணு பார்க்க வந்த அன்னிக்குப் பேசினது, அப்புறம் போன்ல பேசினது, அதானே? உனக்குத் தண்ணின்னா பயம்னு அவருக்குத் தெரியாது. அதான் படகு இல்லத்துக்குத் தலையாட்டியிருக்காரு. உனக்கு நடக்கப் பிடிக்கும்னு தெரியாது. காலையில டீ குடிக்கிற வரைக்கும் யார்கூடயும் பேச மாட்டேன்னு தெரியாது. இதெல்லாம் நீ சொன்னாத்தானே தெரியும்? அவருக்கும் என்னென்ன இருக்கோ. ஒருவேளை அவரும் ‘பொண்ணுக்கு இதுதான் பிடிக்கும்’னு யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் அந்தப் பேக்கேஜைப் பிடிச்சிருப்பாரு. பாவம், கட்டில்ல ரோஜா இதழ், கேக், மெழுகுவத்தின்னு தாள்ல போட்டிருக்கு பாரு, அதுக்குத் தனியா காசு வேற கட்டியிருப்பாரு.

அதனால முதல்ல பேசு. “எனக்கு வேன்ல ஒத்துக்காது, ஒரே ஊர்ல இருக்கலாமா?”ன்னு கேளு. அதுக்கு அவர் என்ன சொல்றாரோ, எப்படிச் சொல்றாரோ, அதுலயே அவரைப் பத்தி உனக்குக் கொஞ்சம் தெரிஞ்சிரும். இந்தப் பேச்சு கல்யாணத்துக்கு முன்னாடியே நடக்கணும்னு எனக்கு அவ்வளவு ஆசையா இருக்கு.

இன்னொண்ணு. இதை உங்கம்மா சொல்ல மாட்டாங்க, உன் அத்தை தப்பாச் சொல்லுவாங்க. போன உடனே எல்லாம் நடந்து முடியணும்னு எந்தச் சட்டமும் இல்லை. மண்டபத்துல நின்னு கால் வீங்கி, மறுவீடு, விருந்துன்னு அலைஞ்சு, குலதெய்வம் கோயிலுக்குப் போய்ட்டு வந்திருப்பே. முதல் ரெண்டு நாள் தூங்கினாலும் தப்பில்லை. அவர்கிட்ட அதைச் சொல்றதுக்கும் வெட்கப்படாதே. பீரியட்ஸ் தேதி இடிக்குதுன்னு யாராவது மாத்திரை வாங்கிக் குடுத்தா, டாக்டரைப் பார்க்காம வாயில போடாதே. அதைத் தேதிக்கு மூணு நாள் முன்னாடியே தொடங்கணும், எல்லார் உடம்புக்கும் ஒத்துக்காது. முடிஞ்சா பயணத்தையே ஒரு வாரம் தள்ளிப் போடுங்க. விருந்து எல்லாம் ஓஞ்சு, நீயும் ஒரு நல்ல தூக்கம் தூங்கிட்டு வரலாம்.

வந்தப்புறம் என்ன பண்ணலாம்னு கேட்டா, ரொம்பக் கொஞ்சம்தான் சொல்லுவேன். முதல் நாள் ரயிலோட சரி. ரெண்டாம் நாள் சிம்ஸ் பூங்கா. 1874ல போட்ட தோட்டம், பள்ளத்தாக்குச் சரிவுல இறங்கிக்கிட்டே போகும், உள்ள ஒரு ருத்திராட்ச மரம் நிக்குது. மத்தியானம் தூக்கம். சாயங்காலம் பேக்கரியில சுடச்சுட வர்க்கி வாங்கி டீயில முக்கித் தின்னுங்க. மூணாம் நாள் ஆசைப்பட்டா லேம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ்னு ரெண்டு மலைமுனை. அங்க நின்னா எதிர்மலையில கேத்தரின் அருவி கோடு கிழிச்ச மாதிரி தெரியும். இல்லாட்டி மறுபடி ரயில் ஏறி வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல்னு ஊட்டி வரைக்கும் போயிட்டு வாங்க. இதுல எதையும் செய்யாம ஜன்னலோரம் உக்காந்து பேசிக்கிட்டே இருந்தீங்கன்னா எனக்கு அதைவிடச் சந்தோஷம்.

தேயிலைக்குள்ள நடக்கிறதைக் காலை வெயில் வந்தப்புறம் வெச்சுக்கோங்க. காட்டெருமை இங்க தெருவுக்கே வரும். போன வாரம் எங்க வேலிக்கு அந்தப் பக்கம் ஒண்ணு நின்னுச்சு. கருகருன்னு உடம்பு, முட்டிக்குக் கீழ வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி காலு, மூக்குல இருந்து ஆவி. தேயிலைச் செடி அதோட வயித்து உயரம்கூட இல்லை. சாதுவாத்தான் தெரியும். கிட்டப் போய் செல்ஃபி எடுக்கப் பார்த்தவங்களை முட்டித் தூக்கியிருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தோட்டத்துக்குள்ள போகவே கூடாது, அவர்கிட்டயும் சொல்லி வை.

ரூம் எடுக்கும்போது சுடுதண்ணி எத்தனை மணி வரைக்கும் வரும்னு கேட்கச் சொல்லு. ரெண்டு பேரோட ஆதாரும் கையில இருக்கட்டும். நகையெல்லாம் வீட்டுலயே வெச்சுட்டு வா. தாலி புது மஞ்சக் கயித்துல இருக்கும், குளிச்சா இந்தக் குளிர்ல சீக்கிரம் காயாது, கழுத்து அரிக்கும். ஒரு சின்னப் பருத்தித் துண்டு வெச்சு ஒத்தி எடு. சாக்ஸ், சால்வை, உதட்டுக்கு வாசலின். பகல் வெயில் சுள்ளுன்னு அடிக்கும், ராத்திரி பல்லு கிட்டிக்கும்.

ரயில் டிக்கெட் 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்கும், திறந்த வேகத்துல தீர்ந்தும் போயிரும். உங்க தேதிக்கு அது இந்த வாரக் கடைசியில வருது. நீ அவர்கிட்டப் பேசிட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குத் தேதியை அனுப்பு. முதல் வகுப்புல முன்வரிசை கிடைக்குதான்னு நான் பார்க்கிறேன். டிராவல்ஸ்ல கட்டின அட்வான்ஸ் போனாப் போகட்டும்னு மட்டும் விட்றாதே, நேர்ல போய்க் கேட்கச் சொல்லு.

உங்கப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம்.

உன்
சாந்தி