காஸ் தீர்ந்துபோகாது, செல்வி

காட்பாடி,
மார்ச் 9

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் நடக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. 84 வயதில் இடுப்பு எலும்பு முறிந்து, மறுபடி எழுந்து நடப்பது சின்ன விஷயமா? நீ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வதால்தான்.

இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. வெயில்தான் இப்போதே ஆரம்பித்துவிட்டது. வேலூர் வெயில் உனக்குத் தெரியும். சுற்றிலும் பாறை மலை. பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி முழுக்கக் கக்கிக்கொண்டிருக்கும்.

சரி, நீ கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, அதுதான் எனக்கு இரண்டு நாளாகத் தூக்கத்தைக் கெடுக்கிறது. அம்மா அறை ஏசியில் மூன்று வருஷத்தில் இரண்டாவது தடவையாகக் காஸ் தீர்ந்துவிட்டது, இந்த வாரம் ஆள் வந்து போடுகிறார் என்று. அந்த ஆளைக் கொஞ்சம் நிறுத்தி வை. இதைப் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

ஏசியில் காஸ் தீராது, செல்வி. அடுப்பு சிலிண்டர் மாதிரி எரிந்து போகிற பொருள் இல்லை அது. ஒரே காஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. அறைக்குள் சூட்டை வாங்கிக்கொள்கிறது, வெளியே இருக்கும் பெட்டிக்குப் போய் அதை இறக்கி வைக்கிறது, மறுபடி உள்ளே வருகிறது. குழாயில் ஓட்டை இல்லையென்றால் முதல் நாள் இருந்த காஸ் கடைசி நாள் வரை அப்படியே இருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் காஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வதுதான். காசு போவது மட்டும் இல்லை. காஸ் குறைந்த ஏசியில் கம்ப்ரஸர், அதாவது காஸை அழுத்திச் சுற்றவிடும் மோட்டார், ஓயாமல் ஓடும், சூடாகும். திரும்பி வரும் குளிர்ந்த காஸ் அதன் சூட்டையும் தணிக்க வேண்டியது. அது குறைந்தால் மோட்டார் உள்ளுக்குள் வெந்துகொண்டே இருக்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது எங்கள் முதல் ஏசியைப் பறிகொடுத்த பிறகு. மாமாவுக்கு மூச்சிரைப்பு அதிகமான காலத்தில், 2011இல் வாங்கினோம். வெளிப்பெட்டியைத் திருட்டுப் பயத்தில் பால்கனிக்குள், கம்பி வலைக்குப் பின்னால் வைத்தோம். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தால் அதிகம். முன்னால் பழைய நாற்காலி, அட்டைப்பெட்டி, காயப்போட்ட துணி. அது வெளியே தள்ளிய அனல் காற்றையே திரும்ப இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஐந்து வருஷம் எப்படித்தான் தாங்கியதோ.

ஐந்தாவது அக்கினி நட்சத்திரத்தில் பத்து நிமிஷம் ஓடும், நிற்கும். கூப்பிட்ட ஆள் வந்து காஸ் போட்டார். நாலு நாளில் மறுபடி அதே கதை. மறுபடி காஸ். ஒரு ராத்திரி பதினொரு மணிக்குக் கம்ப்ரஸர் எரிந்தே போய்விட்டது. ஜன்னலில் நனைத்த போர்வையைத் தொங்கவிட்டு, மேஜை ஃபேனை வைத்து, மாமாவின் நெஞ்சையும் முதுகையும் ஈரத்துணியால் துடைத்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். மாமா என் கையை விடவே இல்லை. காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தேற்றிக் கொண்டுவந்தோம். அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தார். ஆனால் அந்த ஒரு ராத்திரியை என்னால் மறக்க முடியவில்லை. அந்த மாதிரி ராத்திரி உன் அம்மாவுக்கு வரக்கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அடுத்த ஏசியை மாட்ட வந்த தம்பி நல்ல கைக்காரர். நான் பிசிக்ஸ் டீச்சர் என்று சொன்னதும் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினார். ஏசியின் திறனைச் சோதிக்கும்போது வெளிக்காற்று 35 டிகிரி என்று வைத்துத்தான் அளக்கிறார்களாம். நம் ஊரில் மே மாதம் மத்தியானம் 41, 42. போதாததற்குக் கம்பி வலைக்குள் அடைத்துவைத்தால் பெட்டியைச் சுற்றி இன்னும் கூடும். வெளிக்காற்று சூடாக ஆக, அறைச் சூட்டை அதில் இறக்குவதற்குக் கம்ப்ரஸர் காஸை இன்னும் பலமாக அழுத்த வேண்டும். மின்சாரம் கூடுகிறது, குளிர்ச்சி குறைகிறது, மோட்டார் தேய்கிறது. வெயிலை நாம் குறைக்க முடியாது. பெட்டிக்கு மூச்சு விட இடம் கொடுக்கலாம். இப்போது எங்கள் வெளிப்பெட்டி வடக்குச் சுவரில், முன்னால் எதுவும் இல்லாமல், பின்னால் ஒரு அடிக்கு மேல் இடம் விட்டு நிற்கிறது. தலைக்கு மேலே ஒரு சின்னத் தகரச் சாய்ப்பு, நிழலுக்கு மட்டும். பக்கவாட்டில் மறைப்பே கிடையாது. 2016இல் வாங்கியது, இன்றைக்கும் ஓடுகிறது.

உன் வீட்டில் வேறு ஒரு எதிரி இருக்கிறது: உப்புக் காற்று. தூத்துக்குடியில் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். வெளிப்பெட்டியின் முதுகில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய அலுமினியத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்குமே, அதைப் போய்ப் பார். வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறதா? விரல் பட்டதும் உதிர்கிறதா? செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொடும் இடத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி. அலுமினியம் கரைந்துகொண்டே வரும். தகடு போனால் சூடு இறங்க வழியில்லை. மாதம் ஒரு தடவை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சாதாரணக் குழாய்த் தண்ணீரை மெதுவாக அந்தத் தகடுகள்மேல் ஓடவிட்டு உப்பைக் கழுவு. நல்ல தண்ணீராக இருக்கட்டும். உங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதுவே கெடுதல். வயர் இருக்கும் பக்கத்தில் தண்ணீர் படக்கூடாது. கார் கழுவுகிற மாதிரி வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கி அடைத்துக்கொள்ளும். கம்பி பிரஷ்ஷும் வேண்டாம்; தகடுமேல் நீலப் பூச்சு இருந்தால் கீறிப்போகும். அந்தப் பூச்சுதான் உப்புக்கு எதிரான கவசம்.

இன்னொன்று கேட்க மறந்தேன். அம்மா அறைக்குப் பின்னால்தானே சாக்கடை ஓடுகிறது? சாக்கடை வாயு செம்பைக் கறுக்க வைத்து அரிக்கும். நுணுக்கமான ஓட்டை விழுந்து காஸ் ஒழுகுவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் உள்பெட்டியின் காயிலையும், அதாவது காஸ் ஓடும் செம்புக் குழாய்ச் சுருளையும், சோதிக்கச் சொல்.

இப்போது அந்த ஆள் வந்தால் என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். முதலில் நைட்ரஜனை ஏற்றி அழுத்தம் கொடுத்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்கச் சொல். குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. பல நேரம் அது வெளிப்பெட்டியில் குழாய் சேரும் பித்தளை நட்டாகத்தான் இருக்கும். அதைச் சரிசெய்த பிறகு, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப் போட வேண்டும், குறைந்தது அரை மணி நேரம். இதைத்தான் பலரும் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள்; கொஞ்சம் காஸைத் திறந்துவிட்டு, காற்று போய்விட்டது என்பார்கள். போகாது. குழாய்க்குள் தங்கின ஈரம் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும். மோட்டார் சுருளின் மேல்பூச்சை அது அரித்து, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்துக் கம்ப்ரஸர் எரியும். அப்போது யாருக்கும் காரணம் தெரியாது. உப்புக் காற்று என்பார்கள், வோல்டேஜ் என்பார்கள்.

அப்புறம் காஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். எத்தனை கிராம், என்ன காஸ் என்று வெளிப்பெட்டி ஸ்டிக்கரிலேயே அச்சடித்திருக்கும். உன்னுடையது மூன்று வருஷம்தான் ஆகிறது, அநேகமாக ஆர்-32. அது தீப்பற்றக்கூடிய காஸ். அது உள்ளே இருக்கும்போது குழாயை நெருப்பால் காய்ச்சி ஒட்ட விடாதே. நீ பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார். மரியாதையாகத்தான் கேட்கிறோம், தொழில் தெரிந்தவர் கோபப்பட மாட்டார்.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வெறும் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்து. தூசி அடைத்தால் காற்று போகாமல் உள்காயிலில் ஐஸ் கட்டும். தண்ணீர் வடிகிற பைப் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். அதில் பாசி அடைத்தால் அம்மா கட்டில்மேல் சொட்டும். ஏசிக்குத் தனி வயர், தனி எம்சிபி (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே அணைந்துகொள்ளும் சுவிட்ச்) இருக்கட்டும். பிளக்கைத் தொட்டால் சுடுகிறது என்றால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. பல்லி உள்ளே போய் ஏசியின் சர்க்யூட் போர்டில் ஒட்டிச் செத்து, போர்டே போவதும் உண்டு. எங்கள் எதிர்வீட்டில் நடந்தது. குழாய் நுழையும் துளையைப் புட்டி வைத்து அடைத்துவிடு.

அம்மா 18இல் வைக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். 18 என்று வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று இல்லை. எப்போது ஓய்வெடுக்கலாம் என்று அதற்குச் சொல்கிற அளவு அது. மே மாதத்தில் அது 18ஐத் தொடவே தொடாது, ராத்திரி முழுக்க நிற்காமல் ஓடும். 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர லேபிள் ஏசிகள் ஆரம்பத்திலேயே 24இல் நிற்கும்படி வரவேண்டும் என்று, மின்சாரச் சிக்கனத்தைக் கவனிக்கும் மத்திய அரசின் பிஇஇ அமைப்பு விதித்திருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. 26இல் வைத்து மேலே ஃபேனை மெதுவாகச் சுற்றவிடு. அம்மா எலும்புக்கும் அதுதான் இதம்.

பாளையங்கோட்டை ஹாஸ்டல் ஞாபகம் இருக்கிறதா? மே மாதம் மொட்டை மாடியில் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி, ஆவி அடங்கின பிறகு பாய் விரிப்போமே. சுட்ட தளம் ராத்திரி எவ்வளவு நேரம் அனல் விடும் என்று நம் முதுகுக்குத் தெரியும். அம்மா அறைக்கு நேர்மேலே மாடித் தளம் வெறும் சிமெண்டாகத்தானே கிடக்கிறது? பங்குனிக்குள் ஆள் வைத்து வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயிண்டோ அடித்துவிடு. கூரைச் சூடு குறைந்தால் ஏசிக்குச் சுமை குறையும்.

சர்வீஸையும் இப்போதே முடித்துவிடு. ஏப்ரல் பாதியைத் தாண்டினால் எந்த மெக்கானிக்கும் நிதானமாக வேலை செய்ய மாட்டார்; ஒரு நாளைக்குப் பத்து வீடு அவர்களுக்கு.

பரீட்சைத் தாள் திருத்தி முடித்ததும் ஏப்ரல் கடைசியில் வருகிறேன். அம்மாவுக்கு ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கி வருகிறேன் என்று சொல். அதற்குள் அந்த ஸ்டிக்கரில் என்ன காஸ், எத்தனை கிராம் என்று பார்த்து எழுதி அனுப்பு. தகட்டில் வெள்ளைப் பொடி இருக்கிறதா என்பதையும்.

அன்புடன்,
கஸ்தூரி