ஞாயிறு பயிற்சிக்கு முன், துப்பாக்கி ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) சாய்வு பற்றி

குன்னூர் பக்கம் சரிவையும் தேயிலை வரிசையையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எது மட்டம் என்றே தெரிவதில்லை, அதனால் கண்ணளவை நம்பாதீர்கள். 3 டிகிரி சாய்வுதானே என்று விட்டால், தூரத்தில் குண்டு தாழ்வதை ஈடுகட்ட 1 மீட்டர் ஏற்றம் வைக்கும் இடத்தில் குண்டு சாய்ந்த பக்கமாக 5 செ.மீ. தள்ளி விழும். காற்று என்று பழி போடுவோம், நானும் போட்டிருக்கிறேன்.

மேகசினை (தோட்டாப் பெட்டியை) கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று பார்த்துவிட்டு, தூக்குநூல் கட்டி ஸ்கோப்புக்குள் தெரியும் செங்குத்துக் கோட்டை அதோடு ஒட்டிப் பாருங்கள். காற்றில் ஆடினால் நூல் நுனியில் தொங்கும் தூக்குக்குண்டை ஒரு வாளித் தண்ணீரில் முக்கிவிடுங்கள், நூல் அடங்கிவிடும். அப்புறம், ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களின் திருகுகளை ஒரு பக்கம் மட்டும் முறுக்கினால் ஸ்கோப் கூடவே திரும்பும். மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. முறுக்கி முடித்ததும் நூலை மறுபடி பாருங்கள்.

நூல் நான் கொண்டு வருகிறேன், வாளி யாராவது.